திரையில் விழும் தழும்பு

"வாரண்டியில வராதாம். எழுத்துலயும் குடுக்க மாட்டாங்களாம். போதுமா? இப்பவாவது எழுந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் சோபாவின் பின்பக்கமாக வந்தாள்.

அவர் திரும்பவில்லை. அவருடைய வழுக்கையின் பின்புறமும், சட்டைக் காலருக்கு மேலே எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும் கழுத்து மடிப்பும் தெரிந்தன. எதிரே கடையின் சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். முப்பது நாற்பது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே கடல், ஒரே ஆமை. எல்லா ஆமைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பின.

"உங்களைத்தான். அந்த மனுஷன் டையை அவிழ்த்துட்டு ஓடிப்போறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க."

முன்னால் வந்து பார்த்தாள். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனிக்கு இறங்கியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. மடியில் இருந்த வலது கையில் அவர் எழுதிக்கொண்டு வந்த கேள்வித்தாள் நான்காக மடித்தபடி இருந்தது. கண்ணாடி வில்லைகள் இரண்டிலும் இரண்டு சின்ன ஆமைகள் நீந்தின. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிடுவார் என்று அவள் காத்திருந்தாள். ஒரு நாளைக்கு நூறு தடவை தள்ளிவிடுகிறவர். எவ்வளவு நேரம் அப்படிக் காத்திருந்தாள் என்று பிறகு மருத்துவர் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை.

வீட்டிலிருந்த பழைய தொலைக்காட்சி மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மதியச் செய்தியின் நடுவில் அணைந்துபோனது. அன்றிலிருந்து அவருக்கு இதே வேலை. முப்பத்தொரு வருடம் நகரக் குடிநீர் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து மோட்டார்களை ஓட்டியும் நிறுத்தியும் ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று முறை பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு நான்காவது முறை பார்ப்பவர். ஓலெட் திரை நல்லதா, எல்இடி திரை நல்லதா என்பதில் ஆரம்பித்துக் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார். காலையிலிருந்து மாலை வரை அவர் வீட்டில் ஓடுவது செய்திச் சேனல். வலது மூலையில் சேனலின் சின்னம், கீழே சிவப்புப் பட்டை. ஒரே படம் ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நின்றால் அது திரையிலேயே தங்கிவிடும் என்று படித்திருந்தார். பர்ன்-இன் என்று அதற்குப் பெயர். அவர் அதைத் தழும்பு என்றார்.

"தழும்பு விழுந்தா போகாது. மேல வேற படம் வந்தாலும் அடியில அது இருக்கும்" என்பார், சாப்பிடும்போதுகூட.

"இருந்துட்டுப் போகட்டுமே. உங்க மூஞ்சியை முப்பத்தஞ்சு வருஷமா ஒரே இடத்துல பாக்கறேன். என் கண்ணு என்ன கெட்டா போச்சு?" என்பாள் அவள். அவர் சிரிக்க மாட்டார். மற்ற எதற்கும் சிரிக்கிறவர், இதற்கு மட்டும் சிரிக்க மாட்டார். அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இன்று கடையில் டை கட்டிய விற்பனையாளர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. புதிய திரைகளில் படம் தானாகவே கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும், சார். சின்னம் இருக்கும் இடத்தில் வெளிச்சம் தானாகவே குறையும், சார். அவள் கணவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். தாளைப் பார்த்து ஐந்து கேள்விகள் முடித்திருந்தார். பக்கத்தில் சலவை இயந்திரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி இந்தப் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார்கள். அவளுக்கு முகம் சுட்டது.

"டிவிதாங்க வாங்கறோம், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. விற்பனையாளர் சிரித்தார். அந்தத் தம்பதியும் சிரித்தார்கள்.

அவர் அதைக் காதில் வாங்காதவர் போல, "தழும்பு விழுந்தா மாத்திக் கொடுப்பாங்களான்னு கவுண்டர்ல கேளு. எழுத்துல கொடுப்பாங்களான்னு கேளு. நான் இப்படிக் கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்றார்.

அவள் விற்பனையாளரோடு கவுண்டருக்குப் போனாள். ஆறு நிமிடமோ ஏழு நிமிடமோ. திரும்பி வந்து நாலைந்து வாக்கியம் பேசினாள்.

பிறகு எல்லோரும் ஓடி வந்தார்கள். யாரோ அவரைத் தரையில் படுக்க வைத்தார்கள். சலவை இயந்திரம் பார்க்க வந்திருந்தவர் மண்டியிட்டு நெஞ்சில் அழுத்தத் தெரிந்தவராக இருந்தார். எண்ணிக்கொண்டே அழுத்தினார். சத்தத்தை நிறுத்துங்கள் என்று யாரோ கத்த, பதற்றத்தில் வேறு பொத்தானை அழுத்திவிட்டார்கள் போல. கடலின் இரைச்சல் எல்லாத் திரைகளிலும் ஒன்றாகக் கிளம்பிக் கூடத்தை நிறைத்தது. அந்த இரைச்சலுக்கு மேலே அந்த மனிதர் எண்ணுவது கேட்டது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. அவள் தன் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் நாற்காலி கொண்டு வந்தாள். அவள் அதில் கைப்பையை வைத்தாள்.

மருத்துவமனையில் அவசரப் பிரிவின் கதவைத் திறந்துகொண்டு வந்த மருத்துவருக்கு அவள் மகளின் வயதுதான் இருக்கும். இவள் தோளைத் தொட்டு, "கொஞ்சம் உட்காருங்கம்மா" என்றாள்.

அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். இதைப் போன்ற ஒரு மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் அவள். இறப்பைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்பது விதி. "டாக்டர் உங்களைப் பாக்கணுங்கறார், கொஞ்சம் வர முடியுமா?" என்றுதான் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது, இழுக்கவும் கூடாது. குரல் வழவழவென்று இருக்க வேண்டும். வந்தவர்களிடம் முதல் வார்த்தை, உட்காருங்கள்.

"வேண்டாம். நின்னுக்கிட்டே கேக்கறேன்" என்றாள்.

மருத்துவர் சொன்னாள். வரும்போதே இல்லை என்றாள். இதயம் என்றாள். வலி தெரிந்திருக்காது என்றாள். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "நான் பேசினது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்று கேட்டாள்.

"எப்பம்மா?"

"கவுண்டர்லேருந்து வந்ததும். நாலு வார்த்தை பேசினேன். மொத வார்த்தை சொல்லும்போது உயிரோட இருந்தாரா?"

மருத்துவருக்கு அது புரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வேறு யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

ஒரு பிளாஸ்டிக் பையில் கடிகாரம், கண்ணாடி, சாவி, பணப்பை, மடித்த தாள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதை நாற்காலியிலிருந்து மகளை அழைத்தாள். மகள் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரில் ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள்.

"என்னம்மா, முடிவாச்சா? எந்த டிவி? அப்பா அந்த ஆளை அழ வெச்சிருப்பாரே."

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் வர முடியுமா? மெதுவா கிளம்பி வா. அவசரமில்ல."

மறுமுனையில் ஏதோ புத்தகம் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அம்மா."

"ம்."

"அந்தக் குரல்ல பேசாதே."

"எந்தக் குரல்?"

"ஆஸ்பத்திரிக் குரல். சின்ன வயசுல உன் மேசைக்கடியில உக்காந்து எத்தனை தடவை கேட்டிருக்கேன். என்கிட்ட அந்தக் குரல்ல பேசாதேம்மா. அப்பாவுக்கு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். அந்தக் குரலைத் தவிர வேறு குரல் எதுவும் அப்போது அவளிடம் இல்லை. "டாக்டர் உன்னைப் பாக்கணுங்கறார்" என்றாள். மகள் அலறியது பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்டது. அவர் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் மதியத்துக்குள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்குள் நாற்காலி போதாமல் வெளியேயும் போட்டிருந்தார்கள். மருமகன் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டும், வெளியே வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டும் இருந்தார். அவள் கூடத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. அவளுக்குள் ஒரே கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. தான் பேசியதில் எந்த வாக்கியம் வரை அவர் கேட்டார்?

நாத்தனார் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்தாள். ரயிலில் இரவெல்லாம் விழித்து வந்தவள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணி, நீங்கதானே கூட இருந்தீங்க. அண்ணன் கடைசியா என்ன சொன்னாரு?"

கூடத்தில் பேச்சு நின்றது. எல்லோருக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

அவள் யோசித்தாள். யாருக்காவது ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு என்றார், அப்படி ஒன்று. நாத்தனாரின் முகம் அதற்காகவே காத்திருந்தது. ஆனால் பொய் சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

"தழும்பு விழுந்தா மாத்திக் கொடுப்பாங்களான்னு கேக்கச் சொன்னாரு. எழுத்துல கொடுப்பாங்களான்னு."

"எது?"

"டிவி."

வாசல் பக்கம் யாரோ இருமினார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாத்தனார் அவளையே பார்த்தாள்.

"டிவியா? அவ்வளவுதானா? என்னைப் பத்தி, பொண்ணைப் பத்தி, ஒரு வார்த்தை?"

"இல்ல."

"அந்த மனுஷனுக்குக் கடைசி நேரத்துல டிவிதானா கிடைச்சுது நினைக்க!" என்று சொல்லி நாத்தனார் விம்மினாள். அது அண்ணன்மேல் கோபமா, அண்ணிமேல் கோபமா என்று அவளுக்கே தெரியாது.

அப்போது கதவோரம் நின்றிருந்த ஃபிட்டர் வெளியே போனார். குடிநீர் நிலையத்தில் மோட்டார்களைப் பழுது பார்த்துக்கொண்டு இவள் கணவரோடு கடைசிவரை வேலை செய்தவர். பெரிய உடம்பு, வலது கையில் மூன்று விரல்தான். வருடத்துக்கு நாலைந்து முறை வீட்டுக்கு வருவார். வந்தால் அவரும் இவள் கணவரும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து அதிகம் பேசாமல் தேநீர் குடிப்பார்கள். அவர் போன வேகம் சரியில்லை. அவள் எழுந்து பின்னாலேயே போனாள். யாரும் தடுக்கவில்லை.

பின்பக்கப் படியில் ஃபிட்டர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது.

"என்ன ஆச்சு?"

"அந்தம்மா அப்படிச் சொல்றாங்களே, அதான் தாங்கல. அவரு டிவியை நினைக்கலம்மா."

"வேற என்ன?"

ஃபிட்டர் மூன்று விரல் கையை விரித்துப் பார்த்தார். "இது எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மோட்டார் பெல்ட்ல மாட்டிக்கிச்சுன்னு சொன்னாரு. ரொம்ப வருஷம் முன்னாடி."

"பத்தொம்பது வருஷம். பெல்ட்தான். அது நிஜம்." எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அப்ப கட்டுப்பாட்டு அறையில ஒரு பழைய மானிட்டர். எந்த மோட்டார் ஓடுது, எது நிக்குதுன்னு எழுத்துல காட்டும். மூணாம் நம்பர் மோட்டாரை எப்பவாவதுதான் ஓட்டுவோம். அதனால 'நிற்கிறது'ன்னு அந்த இடத்துல வருஷக்கணக்கா ஒரே எழுத்து. அது அப்படியே திரையில தங்கிடுச்சு. மானிட்டரை அணைச்சாக்கூடத் தெரியும்."

அவளும் படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ரெண்டாம் நம்பர் கெட்டுப்போனதால மூணாம் நம்பரை யாரோ ஓட்டிவிட்டிருக்காங்க. காலை நேரம், ஜன்னல் வெயில் நேரா திரையில அடிக்குது. ஓடுதுன்னு எழுத்து வந்துதான் இருக்கு. ஆனா வெயில்ல அவரு கண்ணுக்கு அடியில இருந்த பழசுதான் தெரிஞ்சிருக்கு. மூணோட பெல்ட்டைச் சரிபண்ணப் போன நான் கீழேருந்து கூப்பிட்டுக் கேட்டேன், 'மூணு நிக்குதா?' மத்த மோட்டார் சத்தம், கீழ இருட்டு வேற, எனக்கு எதுவும் தெரியல. அவரு பாத்துட்டு, 'நிக்குது, கையை வை'ன்னாரு. வெச்சேன்."

உள்ளே யாரோ புதிதாக வந்திருந்தார்கள். மறுபடி அழுகைச் சத்தம் எழுந்து அடங்கியது.

"எனக்கு ஏன் தெரியாது?" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது. "ஒரே வீட்டுல இருந்திருக்கேன். எனக்கு ஏன் தெரியாது?"

"யாருக்கும் தெரியாது. விசாரணைல நானே கவனமில்லாம கை வெச்சேன்னு சொல்லிட்டேன். உண்மையைச் சொன்னா அவருக்கு வேலை போயிருக்கும். உங்க பொண்ணு அப்ப ஸ்கூல் போற வயசு. அவரு எத்தனை தடவை போய்ச் சொல்லிடறேன்னாரு. நான் விடல. சொன்னீங்கன்னா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னேன். வீட்டுலயும் சொல்லக் கூடாதுன்னேன்." ஃபிட்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் மறந்துட்டேம்மா. சத்தியமா. ரெண்டு விரல் இல்லாம எல்லா வேலையும் பழகிடுச்சு. அவருதான் மறக்கல. போன வாரம்கூட ஃபோன் பண்ணாரு. 'புது டிவியிலயும் மறுபடி அந்தத் தழும்பு விழுமாமேப்பா'ன்னாரு. நான் சிரிச்சேன். 'வீட்டுல மோட்டாரா ஓட்டப் போறீங்க?'ன்னு கேட்டேன். அவரு சிரிக்கல."

அவளுக்கு, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கல என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது ஞாபகம் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் காதில் வாங்காதவர் போல இருந்தார். வாங்காதவர் போல.

"தேநீர் போடட்டுமா?" என்று கேட்டாள்.

ஃபிட்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாம்மா. நீங்க உக்காருங்க."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்று நாள் கழித்து ஒரு முற்பகலில் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. விற்பனையாளர்தான். தயங்கித் தயங்கிப் பேசினார். கார் இன்னும் கடையின் நிறுத்துமிடத்திலேயே நிற்கிறது, அவசரம் ஒன்றுமில்லை, வெயில் படாமல் ஒரு துணி போட்டு வைத்திருக்கிறேன் என்றார். வீட்டில் ஒருவருக்கும் அந்தக் கார் ஞாபகமே வந்திருக்கவில்லை.

"நான் போய் எடுத்துட்டு வரேன்" என்றார் மருமகன்.

"வேண்டாம். நான் போறேன்" என்றாள் மகள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில் மருமகன் பேசாமல் இருந்துவிட்டார். அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாடகைக் காரில் போகும்போது மகள் கேட்டாள். "அன்னிக்கு ஃபிட்டர் மாமா என்னம்மா சொன்னாரு? அவ்வளவு நேரம்?"

"அப்பாவைப் பத்தித்தான்."

"என்ன?"

"சொல்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் திரும்பக் கேட்கவில்லை.

கடைக்குள் அவர்கள் போகவில்லை. விற்பனையாளரே நிறுத்துமிடத்துக்கு வந்தார். டையை உள்ளே சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் செருகியிருந்தார். துணியை உருவி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வந்தவர் மாதிரி நின்றார்.

"நான் சாரோட நின்னிருக்கணும் மேடம். உங்ககூட கவுண்டருக்கு வந்திருக்கக் கூடாது. அப்பவே முகம் வேர்த்திருந்துச்சு. ஏசி அவ்வளவு ஓடுது, ஏன் வேர்க்குதுன்னு நினைச்சேன். நினைச்சுட்டு விட்டுட்டேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

"அவரு கேட்டதுக்கெல்லாம் நீங்க மரியாதையா பதில் சொன்னீங்க. நான்தான்…" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க" என்றாள்.

அவர் போனபின் மகள் பிளாஸ்டிக் பையிலிருந்து சாவியை எடுத்தாள். கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்திருந்த சூடு முகத்தில் அடித்தது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா ஆறடி. இருக்கை முழுவதும் பின்னால் தள்ளியிருந்தது. மகள் அம்மாவின் உயரம். முதுகு சாய்ந்தால் கால் பிரேக்கைத் தொடவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளுக்குப் பதில் காரின் கூரைத் துணிதான் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்து முன்னால் நகர்ந்து, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பார்த்தாள்.

"சீட்டைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கோ" என்றாள் அம்மா. "கீழ ஒரு கம்பி இருக்கும். தூக்கித் தள்ளணும்."

"தெரியும்."

"தள்ளிக்கோ."

"பரவால்லம்மா. எட்டுது."

எட்டவில்லை. மகள் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, கால் விரல்களின் நுனியால் கிளட்சை மிதித்தாள். கார் ஒரு முறை குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பிப் பின்பக்கமாக எடுத்தாள். பின்னால் வண்டி வருகிறதா என்று அம்மா திரும்பி உட்கார்ந்து பார்த்தாள்.

"வா, வா" என்றாள். "ஒண்ணும் இல்ல. மெதுவா வா."